பின் ஆக்சிலில் மணல் இல்லை

அம்பத்தூரில் நான் கடைசியாக வேலை பார்த்த தொழிற்சாலையில் உதிரி பாகங்களைக் கழுவ ஒரு இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். பரிசோதனைப் பிரிவில் எனக்குப் பிறகு வந்த மலர்க்கொடி போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். "மெஷினே கழுவி, காயவச்சு வெளிய தள்ளிடுதும்மா. அதுக்கப்புறமும் ஒரு ஆள் உக்காந்து எதுக்குப் பாக்கணும்னு மேல கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?" என்றாள். எழுதித் தருகிறேன் என்றேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான். கையெழுத்து சுமார்தான். நடந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. எனக்கு இருபத்தைந்து வயது. பிறந்தது காட்டுப்பாக்கம், வாழ்க்கைப்பட்டது வேலப்பன்சாவடி. வீட்டுக்காரர் ஏழுமலை சொந்தமாக ஒரு மாட்டு வண்டி வைத்துக்கொண்டு, கூவம் ஆற்றில் மணல் அள்ளி வீடு கட்டுகிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார். வானகரத்தில் பூந்தமல்லி ரோட்டை ஒட்டி ஒரு மோட்டார் பட்டறை இருந்தது. ஆவடியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அந்தப் பட்டறை முதலாளி ஒரு கம்ப்ரசரையும், மணல் அடிக்கிற தொட்டி ஒன்றையும் எடுத்து வந்தார். காற்றோடு மணலைச் சேர்த்துத் துருப்பிடித்த இரும்பின் மேல் பீய்ச்சினால் துருவும் பழைய பெயிண்டும் உரிந்து, இரும்பு சாம்பல் தேய்த்த பாத்திரம் போல வெளுத்துவிடும். அதற்கு நன்றாகக் காய்ந்த, சலித்த மணல் வேண்டும். மணல் கொண்டுபோன ஏழுமலையிடம் மேஸ்திரி, சலிக்க ஒரு ஆள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். "என் ஊட்டுக்காரியே கீறா" என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இப்படித்தான் நான் மோட்டார் தொழிலுக்குள் நுழைந்தேன்.

இரண்டு மாதம் மணல் சலித்தேன். அதற்குள் முதல் லாரி ஒன்றை மணலடித்துப் பெயிண்ட் பூசினார்கள். காய்ந்த பிறகு பார்த்தால் மூலைக்கு மூலை ரவை தூவியது போல இருந்தது. எல்லாரும் சுற்றி நின்று பெயிண்டைத் திட்டினார்கள். மேஸ்திரி மட்டும் குந்தி உட்கார்ந்து ஒரு மூலையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். நான் சல்லடையோடு நின்றிருந்தவள், வாய் சும்மா இராமல், "அது மணலு மேஸ்திரி, தொடச்சா போவாது. தொடச்சா மூலைக்குத்தான் போயி ஒக்காரும். தட்டணும். மொறத்துல தட்டினாத்தானே கல்லு தனியா வரும்?" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுநாளிலிருந்து மணலடித்த சாமானைச் சுத்தம் பண்ணுகிற வேலை எனக்கு வந்தது.

மேஸ்திரியின் பெயர் ஞானமுத்து. ஐம்பது வயது இருக்கும். ரயில்வே பட்டறையில் வேலை பழகியவர். மெலிந்த உடம்பு, வெள்ளை டிரில் சட்டை. வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பனியனோடு வேலை செய்வார். வேலை முடிந்தபின் கை கால் கழுவி மறுபடி சட்டையைப் போட்டால், அதற்கப்புறம் எந்தச் சாமானையும் தொட மாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் "இன்னொரு தபா" என்பார். அவ்வளவுதான். எது சரியில்லை என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

அவரும் நானுமாகச் சேர்ந்து சில முறைகளை வைத்துக்கொண்டோம். மணல் அடிக்கும் முன் குழல், ஓட்டை எல்லாவற்றையும் மரக் கட்டையும் மெழுகுத் துணியும் வைத்து அடைக்க வேண்டும். என்னதான் அடைத்தாலும் மணல் உள்ளே போகும். அடித்து முடித்ததும் ஈரத் துணியோ எண்ணெய்க் கையோ இரும்பின் மேல் படக் கூடாது. பட்டால் அந்த இடத்தில் மணல் பசைபோட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வேலைக்கு வராதே என்று மேஸ்திரி சொன்னதால், என் மாமியார் மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலில் மரச் சுத்தியால் தட்ட வேண்டும். பிறகு பனை நார்ப் பிரஷ். பிரஷ் நுழையாத ஓட்டைக்குக் கோழி இறகு. பிறகு காற்று. காற்றுக் குழாயை முதலில் ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பார்த்து, தண்ணீர் வரவில்லை என்று தெரிந்த பிறகே உள்ளே விட வேண்டும். பிறகு சாமானைப் புரட்டிப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் சும்மா விட வேண்டும். "மணலுக்கு இன்னா அவசரம்? அது பாட்டுக்கு உக்காந்துகினு இருக்கும். நாமதான் காத்துகினு இருக்கணும்" என்பார் மேஸ்திரி. அப்புறம் மறுபடி தட்டல்.

கடைசியில் உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி அலசி, வெள்ளை எனாமல் தட்டில் பிடித்துத் தெளியவிட வேண்டும். அடியில் தங்கியதில் ஒரு சொட்டு எடுத்து இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்போம். மணல் இருந்தால் "கிறீச்" என்று பல் கூசும். கண்ணுக்குத் தெரியாத மணலும் கண்ணாடிக்குத் தெரிந்துவிடும். தட்டுவதிலிருந்து கண்ணாடி வரைக்கும் சேர்ந்து ஒரு தபா. உள்ளே பல்சக்கரம், பேரிங் ஓடுகிற சாமான் எதுவானாலும் மூன்று தபா செய்ய வேண்டும் என்பது கண்டிப்பு.

மணல் அடிக்கிறவன் காசி. சாக்குப் படுதா கட்டிய கொட்டகைக்குள், முகத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்று அடிப்பான். வெளியே வரும்போது இமை முடி வரைக்கும் வெள்ளையாக இருக்கும். "அண்ணாத்தே, வெள்ளைக்காரனாட்டம் கீறே" என்று கேலி செய்வோம். அவன் நாற்பது வயதைத் தாண்டவில்லை. நெஞ்சு வியாதி என்றார்கள். வெறும் ஆற்று மணலை அப்படி அடிக்கக் கூடாது என்று பின்னாளில் அம்பத்தூரில் ஒரு இன்ஜினியர் சொன்னபோதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. நாங்கள் சிரித்தது இன்றைக்கும் என் மனதை உறுத்துகிறது.

டாக்டரம்மாவின் கார் வந்தது ஐப்பசி மாதத்தில். பூந்தமல்லியில் தனியாக வைத்தியம் பார்த்த அம்மா அவர்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. காரைத் தாமே ஓட்டுவார்கள். அவர்களுடைய அப்பா வாங்கிய சீமைக் கார் அது. கூரையை மடக்கிவிடலாம். சக்கரத்துக்கு மர ஆரக்கால்கள். அப்போதே அதற்கு இருபது வயதுக்கு மேல். யுத்தத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும், செங்கல்லை அடுக்கி அதன் மேல் காரை ஏற்றிக் கொட்டகையில் நிறுத்திவிட்டார்கள். நாலு மழைக்காலம் அப்படியே நின்றதில் அடிச்சட்டம் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தது.

அந்தக் காரை எனக்கு முன்பே தெரியும். என் தலைச்சன் பிள்ளை குறுக்கே விழுந்து வலி கண்டபோது டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்றார்கள். கார் செங்கல் மேல் இருந்தது. ஏழுமலையின் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைப் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மாவும் கூடவே வந்தார்கள். கோயம்பேடு தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் பிழைத்தேன், பிள்ளை இல்லை. அந்தக் கார் பட்டறைக்குள் வந்த அன்றைக்கு டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். "நல்லாப் பண்ணிக் குடு கன்னியம்மா" என்று மட்டும் சொன்னார்கள்.

நல்லாத்தான் பண்ணினேன். அடிச்சட்டத்தில் ஒவ்வொரு ஆணித் தலையையும் சுற்றி இறகு விட்டேன். சட்டத்தில் காது வைத்துத் தட்டிக் கேட்டேன். பத்து நாள் அந்தக் கார் என்னைவிட்டு நகரவில்லை. தவறு செய்தது ஒரே ஒரு இடத்தில்.

பின் ஆக்சில் என்பது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கிற உள்ளீடற்ற இரும்புக் குழல். நடுவில் பல்சக்கரங்கள் ஓடும். அதை மணலடித்த அன்றைக்கு மதியம் மேற்கே மேகம் கட்டியது. மணலடித்த இரும்பு வெறும் உடம்பு மாதிரி. ஈரக் காற்று பட்டாலே சாயங்காலத்துக்குள் சிவந்துவிடும். அடுத்த நாளே துரு. அதனால் அன்றைக்கே முதல் பூச்சு பூசியாக வேண்டும். இரண்டு தபா முடித்திருந்தேன். கண்ணாடி சத்தம் போடவில்லை. மூன்றாவது தபாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். தூறல் விழ ஆரம்பித்தது. மேஸ்திரி முன் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"கன்னிம்மா, மூணு தபா ஆச்சா?"

"ஆச்சு மேஸ்திரி."

அவர் வந்து பார்க்கவில்லை. என் வார்த்தையை நம்பிப் பூச்சுக்கு அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை கார் போயிற்று. கன்னங்கரேலென்று, முகம் பார்க்கலாம் போல இருந்தது. திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மா திரும்பிவந்தார்கள். "ஓட்டும்போது அடியில் ஏதோ அரைக்கிறது மேஸ்திரி. அரிசியில் கல் கடிக்கிற மாதிரி. நேற்று இவ்வளவு இல்லை, இன்றைக்கு அதிகம்" என்றார்கள்.

மேஸ்திரி காரை ஜாக்கியில் தூக்கி, ஒரு மரக் கம்பின் ஒரு நுனியை இரும்பிலும் மறு நுனியைக் காதிலும் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லிக் கேட்டார். பின்னால் கேட்டார். முன்னால் வந்து கேட்டார். மறுபடி பின்னால் போனார். சொன்னால் வேலை போகும். ஏழுமலையின் மாட்டுக்குக் குளம்பில் புண், வண்டி பாதி நாள் ஓடுவதில்லை. என் கூலிதான் வீட்டில் உலை வைத்தது. சொல்லாவிட்டால், பூந்தமல்லி ரோட்டில் யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகும்போது அந்தச் சக்கரம் இறுகி நிற்கும்.

"பின் ஆக்சில்தான் மேஸ்திரி" என்றேன். "ரெண்டு தபாதான் பண்ணேன். மூணுன்னு உங்களாண்ட பொய் சொல்லிட்டேன்."

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. முதலாளி திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி கம்பைக் காதிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "கழட்டு" என்றார்.

பின் ஆக்சிலைக் கழற்றுவது சாதாரண வேலை இல்லை. சக்கரம், பிரேக் கம்பிகள், வில் பட்டை எல்லாம் வர வேண்டும். மதியத்துக்குள் கார் இடுப்பொடிந்த மாடு மாதிரி உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தான். டாக்டரம்மா பட்டறையில் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எங்க ஊட்டுப் பொண்ணுக்கு நேத்துலேர்ந்து வலி. புள்ள வரமாட்டேங்குது. கொஞ்சம் வண்டிய எடுங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

டாக்டரம்மா காரைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மணல் இறக்கிக்கொண்டிருந்த ஏழுமலையிடம் போய், "வண்டியைக் கட்டுப்பா" என்றார்கள். மாடு நொண்டியது. டாக்டரம்மா மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மணல் ஒட்டிய பலகை மேல் உட்கார்ந்து போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை.

"நின்னா ஆவாது. வேலையப் பாரு" என்றார் மேஸ்திரி.

பொழுது சாயும்போது ஆக்சிலைத் திறந்தோம். பழைய எண்ணெயை எனாமல் தட்டில் பிடித்தேன். தெளியவிட்டேன். அடியில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தேய்த்தேன். சத்தம் இல்லை. இன்னொரு சொட்டு. அதிலும் இல்லை. மேஸ்திரி கண்ணாடியை வாங்கி அவரே தேய்த்துப் பார்த்தார். பல்சக்கரத்தின் பல் ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தார். பின் ஆக்சிலில் மணல் இல்லை. ஒரு பொடி கூட இல்லை.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பேச்சைக் கேட்டுக் காரைப் பிரித்துப் போட்டு, ஒரு நாள் வீணாகி, டாக்டரம்மா நொண்டி மாட்டு வண்டியில் போயிருக்கிறார்கள். மேஸ்திரி கை கால் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஏழுமலை வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன். "ரெண்டு உசுரும் நல்லாக் கீது. ஆம்பளப் புள்ள. ஆயுதம் போட்டு எடுத்தாங்க" என்றார். அப்போதுதான் அழுதேன்.

மறுநாள் காலை நான் போகும்போதே மேஸ்திரி பனியனோடு காரின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். முதலாளியும் டாக்டரம்மாவும் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். முன் சக்கரங்களின் நடுவில் பேரிங் உட்காருகிற குடம் இரண்டையும் சுத்தம் பண்ணி, கிரீஸ் அடைத்தது அவர். அந்த வேலையை யார் கையிலும் கொடுக்க மாட்டார். இடது பக்கக் குடத்தின் மூடியைக் கழற்றி, சுண்டு விரலால் கொஞ்சம் கிரீஸ் எடுத்து என் கண்ணாடியில் வைத்தார்.

"நீ தேயி" என்றார்.

தேய்த்தேன். பட்டறை முழுவதும் கேட்டது அந்தச் சத்தம்.

"இது என் கை வேலை" என்றார் மேஸ்திரி. முதலாளியைப் பார்த்துச் சொல்லவில்லை, டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார். "காசி அந்தாண்ட மட்காட்டுக்கு மணல் அடிச்சிகினு இருந்தான். காத்து இந்தப் பக்கம். நான் கிரீஸ் டப்பாவத் தொறந்து வச்சிகினு வேல பண்ணேன். அதுல வந்து விழுந்துகீது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." கழற்றிய மூடியைக் கீழே வைத்தார். "இன்னொண்ணும் சொல்றேன்மா. நேத்து கம்ப வச்சிக் கேட்டப்ப எனக்கு முன் சக்கரத்தாண்டதான் சத்தம் கேட்டுச்சு. இந்தப் பொண்ணு பின்னாடின்னுச்சு. எனக்கு அது சௌகரியமாப் பூட்ச்சு. என் வேலையில தப்பு இருக்காதுன்னு நானே நெனச்சுகினேன். அதான் உங்கள மாட்டு வண்டியில போகவச்சது. இந்தப் பொண்ணு இல்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். முன் குடத்தை யாருக்கும் தெரியாமல் கழுவி மூடிவிட்டு, பின் ஆக்சிலில் மணல் இருந்தது என்று சொல்லியிருந்தால் உலகம் நம்பியிருக்கும். நானே நம்பியிருப்பேன்.

டாக்டரம்மா, "பேரிங் பிழைக்குமா?" என்று மட்டும் கேட்டார்கள். பிழைக்காது என்றார். பட்டணம் போய்ப் புதிது வாங்கி வருகிறேன் என்று, அப்போதே கிளம்பினார். போகிறவர் என் பக்கத்தில் நின்றார்.

"ஆக்சில் சுத்தமா கீது. ஆனா நீ மூணுன்னு சொன்ன வார்த்தை சுத்தமாவல. தொறந்துதானே கீது. நான் வர்றதுக்குள்ள மூணாவது தபாவப் பண்ணிடு."

பண்ணினேன். தட்டி, பிரஷ் விட்டு, காற்று விட்டு, புரட்டிப் போட்டு, ஒரு மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி தட்டி, அலசினேன். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராது என்று தெரிந்தே ஒரு வேலையை முழுதாகச் செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் தொழிற்சாலையில் முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன்.

வியாழக்கிழமை கார் சத்தமில்லாமல் போயிற்று. சனிக்கிழமை மேஸ்திரி எல்லாரையும் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். மணல் ஓடுகிற நேரத்தில் பட்டறையில் எந்தக் கிரீஸ் டப்பாவும் திறந்திருக்கக் கூடாது. இன்னொன்று, சுத்தம் பண்ணினவன் தானே சரி பார்க்கக் கூடாது, வேறு ஒருவர் பார்க்க வேண்டும். "கன்னிம்மா வேலைய நான் பாக்கறேன்" என்றார்.

"உங்க வேலைய யாரு பாக்கறது?" என்று காசி சிரித்துக்கொண்டே கேட்டான்.

"கன்னிம்மாதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதுவரை மணல் சலிக்க வந்த கூலிக்காரி நான். அவர் ரயில்வே பட்டறையில் படித்து வந்தவர்.

முதல் இரண்டு மாதம் அவர் வேலையில் நான் ஒரு குறையும் சொல்லவில்லை. உண்மையிலேயே இல்லையா, அல்லது அவர் முகத்துக்காக என் காது மந்தமாகிவிட்டதா என்று எனக்கே நிச்சயமில்லை. மேஸ்திரி ஒவ்வொரு தடவையும் என் முகத்தையே பார்ப்பார். நான் தலையாட்டினால் திருப்தி இல்லாதவர் போலப் போய்விடுவார்.

தை பிறந்து ஒரு சனிக்கிழமை. ஒரு லாரியின் முன் குடத்தை அவர் முடித்திருந்தார். மறுநாள் கோவில் திருநாள், சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். கை கால் கழுவிச் சட்டையைப் போட்டு, பித்தானும் போட்டாயிற்று. குடத்தை அலசின மண்ணெண்ணெயில் நான் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்தேன். சத்தம் என்று சொல்ல முடியாது. கண்ணாடி லேசாக விரலைப் பிடித்து இழுத்தது, அவ்வளவுதான். இன்னொரு சொட்டு எடுத்தேன். அதேதான்.

"மேஸ்திரி" என்றேன். "இது ஆவாது."

அவர் கண்ணாடியை வாங்கிப் பார்க்கவில்லை. நிச்சயமா என்று கேட்கவில்லை. ஒவ்வொரு பித்தானாகக் கழற்றி, சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினார். மரச் சுத்தியை எடுத்துக்கொண்டு லாரியின் பக்கத்தில் குந்தினார். தட்டல், பிரஷ், இறகு, காற்று. புரட்டிப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். எல்லாரும் போய்விட்டார்கள். அலசின மண்ணெண்ணெயைத் தட்டில் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

மூன்று சொட்டு எடுத்து மூன்று தடவை தேய்த்தேன். நான் "சரி" என்று சொல்லும் வரைக்கும் அவர் சட்டையைத் தொடவில்லை.